ஜிப்சியைத் தூக்கியதும் இறக்கியதும்

முன்னால் ஒரு சக்கரம் சுற்றுகிறது, பின்னால் ஒரு சக்கரம் சுற்றுகிறது, வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2024 டிசம்பர் கடைசி. காடாம்புலியூர் பக்கம் மாமாவின் முந்திரித் தோப்புக்குப் போகிற செம்மண் பாதை. ஃபெஞ்சல் மழை வந்துபோய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியும் பாதை தேறவில்லை, டிராக்டர்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் விழுந்து, நடுவில் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி நீளமாக ஒரு மேடு. அந்த மேட்டில்தான் என் 2008 மாருதி ஜிப்சி ஜீப்பின் பின் டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கிற இரும்புக் குண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஃபோர் வீல் போட்டாயிற்று, லோ கியரும் போட்டாயிற்று. தரையில் அழுந்தாத சக்கரத்துக்கு எந்தக் கியரைப் போட்டு என்ன பிரயோசனம்.

மாமா இறங்கி நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, நாலு சக்கரமும் இழுக்கும்னு சொல்லித்தானே இத வாங்குனீங்க?" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார், அதுதான் வலித்தது. பக்கத்துத் தோப்புக்காரரின் டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்துவிட்டது. கடலூர் திரும்புவதற்குள் மனசுக்குள் முடிவாகிவிட்டது, வண்டியைத் தூக்கியே ஆக வேண்டும்.

எந்த இடத்தில் இடித்ததோ அந்த இடத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு எடுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. நான் என்ன செய்தேன் என்றால் வீடியோக்கள் பார்த்தேன். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். அப்புறம் புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன், பேர் எதற்கு. அங்கே இருந்தவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, "ஷேக்கிள் மாத்திடலாம் சார், ரெண்டு இன்ச் ஏறிடும், அரை நாள் வேலை" என்றார். ஜிப்சியில் நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்தான், பட்டையின் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் நேரடியாக மாட்டியிருக்கும், இன்னொரு முனை ஷேக்கிள் என்கிற இரண்டு சின்ன இரும்புத் தகடுகளில் தொங்கும். அந்தத் தகட்டை நீளமாகப் போட்டால் வண்டி ஏறும். மலிவு, சீக்கிரம், வெளியே நின்று பார்த்தால் கம்பீரம். போட்டுவிட்டேன். இரண்டு இன்ச் கூடுதலான ஷேக்கிள் ஒரு இன்ச்தான் தூக்கும் என்பது போட்ட பிறகு டேப் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, ஏனென்றால் ஒரு முனை மட்டும்தான் இறங்குகிறது, ஆக்சில் இருப்பதோ பட்டையின் நடுவில். கணக்கு அவ்வளவுதான், ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

சரி, ஒரு இன்ச் போதாது என்று அதற்கு மேல் 235/75 ஆர்15 ஆல் டெரெய்ன் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் ஐந்து வாங்கினேன். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும் இல்லையா.

அதற்கு அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது, கன்னியக்கோயில் தாண்டி ரோட்டில் ஒட்டுப்போட்ட ஒரு இடத்தில் முன் இடது சக்கரம் ஏறி இறங்கியது. வேகம் 60 இருக்கும். ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. ஆட்டம் என்றால் சாதாரண ஆட்டம் இல்லை, இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி, டேஷ்போர்டு மேல் இருந்த பிள்ளையார் கழன்று மனைவி மடியில் விழுந்தார். வேகத்தைக் குறைக்கக் குறைக்கத்தான் அடங்கியது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் அவள், "இதுக்கு எவ்ளோ ஆச்சு?" என்றாள். நான் டயர் கணக்கை மட்டும் சொன்னேன்.

மறுநாள் நெல்லிக்குப்பம் ரோட்டில் லாரிப் பட்டை வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு ஆஃப் ரோடு, லிஃப்ட் கிட் எல்லாம் தெரியாது. பட்டை தெரியும். வண்டிக்கு அடியில் கோணியை விரித்துப் படுத்தவர் ஐந்து நிமிஷம் வெளியே வரவே இல்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எது இடிக்குதுன்னு இத தூக்கின?"

உருண்டை இடிக்கிறது அண்ணே என்றேன்.

"உருண்டை ஆக்சில்ல இருக்கு. ஆக்சில் டயர்ல நிக்கிது. நீ பட்டைய தூக்குனா பாடிதான் மேல போகும், உருண்டை இருந்த எடத்துலயேதான் இருக்கும்."

அவ்வளவுதான். நான் ஒரு வாரம் வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறாதது இது. ஜிப்சி, ஜிம்னி மாதிரி முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில் உள்ள வண்டிகளில் ஷேக்கிள் போடு, பட்டை போடு, காயில் போடு, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டை வைத்து ஏற்று, எது செய்தாலும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அங்கே இடம் வேண்டுமென்றால் டயர்தான் பெரிதாக வேண்டும். லிஃப்ட் என்பது அந்தப் பெரிய டயர் உள்ளே ஃபெண்டரில், அதாவது சக்கரத்தை மேலே மூடியிருக்கிற தகட்டில், உரசாமல் சுற்றுவதற்கு இடம் செய்து கொடுப்பது, அதோடு பம்பர், சேஸிஸ், சைலன்சர் இதெல்லாம் மேட்டில் தட்டாமல் பார்த்துக்கொள்வது. இரண்டும் இரண்டு வேலை.

டயரில் எழுதியிருக்கிற எண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிப்சிக்குக் கம்பெனி கொடுத்தது 205/70 ஆர்15. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 143.5. ரிம் 15 இன்ச், அதாவது 381. மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் இரண்டு 143.5 கூட்டி 381 கூட்டினால் மொத்த விட்டம் 668 மி.மீ. நான் போட்ட 235/75 இதே கணக்கில் சுமார் 733. வித்தியாசம் 65, ஆனால் ஆக்சில் ஏறுவது அதில் பாதி, 33 மி.மீ, அதாவது ஒன்றேகால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒன்றேகால் இன்ச்சுக்கு நான் என்னென்ன கொடுத்தேன் என்று பாருங்கள்.

முதலில் இழுவை. விட்டம் 10 சதவீதம் கூடினால் ஒவ்வொரு கியரும் 10 சதவீதம் நீளமாகிவிட்டது என்று அர்த்தம். ஜிப்சியின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 80 குதிரைத் திறன் கொடுக்கும், அதுவும் 6000 சுற்றில். யாரும் ஊருக்குள் 6000 சுற்றில் ஓட்டுவதில்லை. முன்னே நாலாவது கியரில் ஏறின மேம்பாலம் மூன்றாவது கேட்கிறது, ஐந்தாவது கியர் அலங்காரத்துக்கு என்று ஆகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 66. ஓடோமீட்டரும் குறைத்துத்தான் காட்டும், அதனால் மைலேஜ் போட்டுப் பார்க்கிறவர்கள் அந்தப் பத்து சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சேர்த்த பிறகும் என் கணக்கு அழுகைதான். நல்லவேளை புதுச்சேரியில் பெட்ரோல் நம்மூரைவிட மலிவு, போகிறபோதெல்லாம் டேங்க் ரொப்பிக்கொண்டு வருகிறேன்.

அடுத்தது பிரேக். டிஸ்க் அதே டிஸ்க், டிரம் அதே டிரம், சுற்றுகிற சக்கரம் மட்டும் கனமாகவும் பெரிதாகவும் ஆகிவிட்டது. பழைய இடத்தில் மிதித்தால் பழைய இடத்தில் நிற்காது. ஒரு வாரம் ஓட்டினால் கால் பழகிவிடுகிறது, அதுதான் ஆபத்து, பழகின காலோடு ஒரு நாள் மழையில் மாட்டுவோம்.

ரிம். ஜிப்சியின் ரிம் அகலம் ஐந்தரை இன்ச். 235/75 டயருக்கு ஆறு இன்ச்சாவது வேண்டும் என்று டயர்க்காரர்களின் அட்டவணையே சொல்கிறது. குறுகலான ரிம்மில் மாட்டினால் டயரின் நடுப்பகுதி புடைத்து அங்கே மட்டும் தேயும், வளைவில் பக்கச்சுவர் நெளியும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு அண்ணன் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, முன் பட்டையின் முன்முனையில்தான் ஷேக்கிள் இருக்கிறது, அதை நீளமாக்கினால் முனை கீழே இறங்கி ஆக்சிலே முன்பக்கம் லேசாகக் கவிழும், காஸ்டர் கோணம் குறையும். சைக்கிளில் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போகிறது, அந்தச் சாய்வு காரில் இருந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும், போய்விட்டால் அலையும். இரண்டாவது, என் வண்டியின் கிங்பின் பேரிங், அதாவது முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சின் பேரிங், ஏற்கெனவே கொஞ்சம் லூஸ். சின்ன டயர் இருந்தவரைக்கும் அது வெளியே தெரியவில்லை, கனமான டயர் வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது. பதினாறு வயது வண்டியில் புஷ், பேரிங், டை ராட் எண்ட் பார்க்காமல் பெரிய டயர் போடுவது விரிசல் விட்ட சுவர்மேல் மாடி கட்டுவது மாதிரி என்றார். அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார் அப்போது, எல்லா உதாரணமும் அங்கிருந்துதான் வரும்.

உரசல் சோதனைக்கு அவர் ஒரு வழி சொன்னார், அதை வீட்டில் செய்து பார்த்தேன். முன் இடது சக்கரத்துக்கு அடியில் செங்கல்லும் பலகையும் அடுக்கி ஏற்றினேன், பின் வலது சக்கரத்துக்கும் அதே மாதிரி. இப்போது வண்டி மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டு நிற்கிறது, காட்டில் நிற்கிற மாதிரி. ஃபெண்டருக்கு உள்பக்கம் அங்கங்கே சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டி ஒட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்பினேன். ஷேக்கிள் போட்டு ஒரு இன்ச் ஏற்றியும் முன்னால் பம்பர் ஓரத்தில் இருந்த மாவு அப்பளமாகிவிட்டது, டயரின் மேல் இருக்கிற ரப்பர் கட்டைகளின் அச்சு அதில் பதிந்து அழகாக இருந்தது. பின்னால் உள்பக்கம் பட்டைக்கும் டயருக்கும் நடுவில் சுண்டு விரல் நுழைகிற இடம்தான். மாவு கேட்டு உள்ளே போனபோது என்னத்துக்கு என்று கேட்ட மனைவி, வந்து பார்த்துவிட்டு, அதை மறுபடி உள்ளே கொண்டுவராதே என்று மட்டும் சொன்னாள்.

அப்படியானால் ஒழுங்காகத் தூக்க என்னதான் வழி? பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டை வைக்கிற பாடி லிஃப்ட்டில் சஸ்பென்ஷன் கோணம் எதுவும் மாறாது, டயருக்கு இடம் கிடைக்கும், ஆனால் போல்ட்டெல்லாம் நீளமாக்க வேண்டும், ஸ்டியரிங் ஷாஃப்ட், கியர் லிவர், ரேடியேட்டர் குழாய் ஒவ்வொன்றும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், துருப்பிடித்த பாடியில் அதைச் செய்யவே கூடாது, கடலோரத்துக் கடலூரில் துரு இல்லாத ஜிப்சியைக் காட்டுங்கள் பார்க்கலாம். பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றுவது லாரிப் பட்டறைகளில் காலங்காலமாக நடப்பது, ஒன்றிரண்டு இன்ச் ஏறும், பழைய இரும்பு என்பதால் கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும் என்று அந்த அண்ணனே சொல்கிறார். கூடுதலாக ஒரு பிளேட் சேர்த்தால் ஏறும், ஆனால் குதிரை வண்டி மாதிரி குலுக்கும், சக்கரம் பள்ளத்தில் தொங்கி இறங்காது, காட்டில் அந்தத் தொங்கல்தான் வேண்டும். இரண்டு இன்ச் உயர்த்தும் புதுப் பட்டை செட், அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரோடு வாங்கிப் போடுவதுதான் சுத்தமான வேலை, காசு கேட்கும்.

கடைசியாக ஒன்று, ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருக்கிறது, அதை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வெல்டிங் வைத்தால் ஒரே அடியாக ஐந்து இன்ச் கிடைக்கும். பார்க்க ராட்சசன் மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டியரிங் ராட் செங்குத்தாகிவிடும், பிரேக் ஹோஸ் எட்டாது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கூடி ஜாயிண்ட் கத்தும், பிரேக் பிடிக்கும்போது பட்டையே முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம் உண்டு, பாறை ஏறுகிறவர்கள் செய்கிறார்கள், தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டிக்கு அது எதற்கு. ஜிப்சியின் பங்காளியான சுசூகி சாமுராய் ஜீப் சீக்கிரம் கவிழ்கிறது என்று 1988-இல் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை எழுதி, சுசூகி வழக்குப் போட்டு, 2004-இல்தான் சமரசமானது. யார் சொன்னது சரியோ, குறுகலான வண்டியை உயரமாக்கினால் சாயத்தான் செய்யும், அதற்கு வழக்கு தேவையில்லை.

நண்பன் ஒருவன் 2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறான், இதையெல்லாம் அவனிடம் சொன்னால் "என் வண்டிக்கு இதெல்லாம் இல்லடா" என்கிறான். ஓரளவு நிஜம்தான், கம்பெனியிலிருந்தே 255/65 ஆர்18 டயரும் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் 226 மி.மீ இடைவெளியும் வருகிறது. முன்னால் ஆக்சில் கிடையாது, தனித்தனி சஸ்பென்ஷன், அதனால் அங்கே ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் டிஃபரன்ஷியலும் சேர்ந்தே ஏறும், ஆனால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி அதன் ரப்பர் பூட் கிழிய ஆரம்பிக்கும். பின்னால் முழு ஆக்சில், அங்கே எங்கள் கதையேதான். இதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், நான் தாமதமாகத்தான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். ஷேக்கிள் ஒன்று, டயர் ஒன்று என்று நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பாரா என்பதைவிட, விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான் என்ற நினைப்பு தூக்கத்தைக் கெடுத்தது.

ஆக, இறக்கினேன். ஷேக்கிள் பழையதே திரும்பப் போனது, புது புஷ்ஷோடு. பட்டையைக் கழற்றித் துரு சுரண்டி கிரீஸ் வைத்து, உடைந்திருந்த ஒரு பிளேட்டை மாற்றினார், கிங்பின் பேரிங் புதுசு. அதுவே படுத்திருந்த வண்டியை முக்கால் இன்ச் நிமிர்த்திவிட்டது, லிஃப்ட் இல்லாமலே லிஃப்ட். டயர் 215/75 ஆர்15 போட்டேன், பொலேரோவில் வருகிற அளவு, பண்ருட்டியில் ராத்திரி பத்து மணிக்குக் கிழிந்தாலும் காலையில் கிடைக்கும், ஐந்தரை இன்ச் ரிம்முக்கும் பொருந்தும். விட்டம் 703, ஆக்சில் ஏறுவது 18 மி.மீ. மாவு சோதனையில் எங்கும் படவில்லை. இதுவும் ஆர்சி புத்தகக் கணக்கில் மாற்றம்தான், அதை மறைக்கவில்லை, தெரிந்தேதான் ஓட்டுகிறேன். இடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது, என் பழைய டயர்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன, புது டயரோடு ஒப்பிட்டால் ரப்பர் கட்டையின் உயரத்தில் ஆறு மி.மீ போயிருந்தது. நான் இப்போது ஏற்றிய 18 மி.மீ-இல் மூன்றில் ஒரு பங்கு அளவு அங்கேயே தேய்ந்து கிடந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது காற்றைக் குறைப்பதுதான். தோப்பு மண்ணில் இறங்குமுன் 28-லிருந்து 16 பி.எஸ்.ஐ-க்கு இறக்கிவிட்டால் டயர் தரையில் நீளமாகப் படுத்துப் பிடிக்கிறது, முன்னே திணறின மணல் மேட்டில் டூ வீல் டிரைவிலேயே ஏறுகிறது. மேலே வந்ததும் பேட்டரியில் மாட்டுகிற சின்ன கம்ப்ரசரால் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும், அதில் சோம்பல் கூடாது, குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமெடுத்தால் டயர் சூடாகிக் கிழியும். மணல் என்றதும் தாழங்குடாவுக்கும் சாமியார்பேட்டைக்கும் கிளம்பிவிடாதீர்கள், ஜனவரியிலிருந்து மார்ச்வரை பங்குனி ஆமை முட்டையிடுகிற கரை அது, பொரித்து வருகிற குஞ்சு டயர் தடத்தில் விழுந்தால் ஏறிக் கடலுக்குப் போகத் தெரியாமல் அதிலேயே காய்ந்துவிடும்.

பிப்ரவரியில் தோப்புக்குப் போனோம், முந்திரி பூத்திருந்தது. 2011-இல் வந்த 'தானே' புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக மாமா வைத்தவை அவை. அதே பாதை, அதே மேடு. உருண்டை மேட்டுப் புல்லை மட்டும் சீவிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, நிற்கவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த மேட்ட வெட்டிவிடச் சொல்லி ஜேசிபிக்காரன்ட சொல்லியிருக்கேன் மாப்ள, சித்திரைக்குள்ள வந்துடுவான்" என்றார்.

235 டயர் ஐந்தும் இப்போது வீட்டு வாசலில் கிடக்கின்றன, மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவை. கொசு ஒழிப்புக்கு வருகிற அம்மா இரண்டு தடவை தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கவிழ்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போனார். ஆறு இன்ச்சுக்கு மேல் ரிம் வைத்திருக்கிற யாராவது வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்கிளைக் கேட்காதீர்கள், அதை எடைக்குப் போட்டுவிட்டேன்.